ஏழு முறை கழுவிய நாற்காலி

அன்றைக்கு அரபு நாட்டில், தேராவில் நம் கடையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் வாப்பா இருந்தார். அவருடைய காக்கா காசிம், உனக்குப் பெரியவாப்பா, எனக்குப் பெரிய மச்சான், கல்லாவுக்குப் பக்கத்தில் காலை மடக்கிப் போட்டுக்கொண்டு இருந்தார். பிக்கப் ஓட்டுகிற மலையாளத்துக் குஞ்ஞாமு இருந்தான். ஆணி அடித்த கான் பாய், விட்டுப்போன சுத்தியலை எடுத்துக்கொண்டு போக வந்தவன், வாசலில் நின்றான். எலன் என்கிற அமெரிக்கக்காரி இருந்தாள். திரைக்குப் பின்னால் நான் இருந்தேன். நீ இல்லை. நீ அப்போது நம் ஊரில், என் உம்மாவின் மடியில் சோறு வாங்கித் தின்றுகொண்டிருந்தாய். இத்தனை வருஷமாகியும் அன்றைக்கு யார் எந்தப் பக்கம் பார்த்து நின்றார்கள் என்பதுவரை எனக்குத் தெரியும். உம்மாவுக்கு மறதியே கிடையாது என்று நீ உன் கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரிப்பாயே, அது சரிதான். மறக்க முடிந்திருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

போன வெள்ளிக்கிழமை நீ போன் பண்ணினாய். கராமா ஃபிளாட்டைக் காலி பண்ணுகிறேன் என்றாய். உன் பெண்டாட்டி ஜுலைகா இங்கே அவள் உம்மாவுக்குப் பணிவிடை செய்ய வந்திருக்கிறாள். நீ அங்கே ஒற்றை ஆளாக நின்றுகொண்டு, "சாமான் எல்லாத்தையும் ஒரே ஆளுக்குப் பேசி முடிச்சுட்டேன் உம்மா. நாளை மறுநாள் வந்து ஏத்திக்கிறான்" என்றாய். ஜுலைகாவிடம் கேட்டாயா என்றேன். "அப்புறம் சொல்லிக்கலாம். இப்ப சொன்னா அழுவா" என்றாய். அவள் தையல் மிஷினுமா என்றேன். "எல்லாந்தான் உம்மா, பழசுதானே" என்றாய்.  போனை உன் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். உம்மாவுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நீ அவளிடம் சொன்னாயாம். நன்றாகக் கேட்டது. கேட்டதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். ஒரு பக்கம் எழுதுவதற்குள் எனக்குக் கை வலித்துவிடும். ஆனாலும் போனில் சொன்னால் நீ "சரி உம்மா, சரி உம்மா" என்று வைத்துவிடுவாய். இதை நீ உட்கார்ந்து படித்துத்தான் ஆகவேண்டும்.

நம் ஊரில் வீடு பெண்ணுக்கு. கட்டில், பாத்திரம், கிணற்றங்கரையில் கிடக்கிற கல்லுவரை அவளுக்கு. மாப்பிள்ளை என்பவர் உடுத்த சட்டையோடு வந்து சேருகிறவர். உன் வாப்பாவும் அப்படித்தான் என் வீட்டுக்கு வந்தார். முதல் ஒரு மாதம் சோற்றுக்கு உப்புப் போதவில்லை என்று சொல்லக்கூட அவருக்கு வெட்கம். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்து வளர்ந்தவள் தேராவுக்குப் போனேன். அங்கே எல்லாம் தலைகீழ். கடை உன் பெரியவாப்பாவுடையது, அறை கடையுடையது, நான் வந்தவள். உன்னையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று அழுதேன். "படிப்புக் கெட்டுடும், பிள்ளை ஊர்லயே இருக்கட்டும்" என்று பெரிய மச்சான் சொல்லிவிட்டார். "காக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் உன் வாப்பா. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியே அவர் பாதி ஆயுளைக் கழித்துவிட்டார்.

கடைக்குப் பின்னால் ஓர் அறை. நடுவில் ஒரு திரை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துச் சரக்குக் கிட்டங்கியின் ஏசிப் பெட்டிகள் முதுகைக் காட்டிக்கொண்டு சூடான காற்றை என் முகத்தில் ஊதும். அந்தத் தெருவில் பெண் வாடையே கிடையாது. பட்டாணி, ஈரானி, மலையாளத்தான், நம்மவர்கள், எல்லாரும் ஒண்டிக்கட்டைகள். மாதக்கணக்கில் ஒரு பெண்பிள்ளையின் குரலை நான் கேட்டதில்லை. உனக்காகக் கேசட்டில் பேசி ஊருக்கு அனுப்புவேன். "சாப்பிட்டியா ராசா, ஓதப் போறியா ராசா" என்று கேட்டுவிட்டு, நீ பதில் சொல்வதற்காகக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பேன். என் புத்தியைப் பார். உன் பக்கத்திலிருந்து கேசட் வரும். அதில் என் உம்மா, "பேசுடா, உம்மாடா, பேசுடா" என்று உன்னைப் போட்டு அதட்டுவது கேட்கும். நீ மூச்சு விடுவது கேட்கும். அவ்வளவுதான். அந்த மூச்சைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு டேப் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

ஊரைவிட்டுப் போகிற வெள்ளைக்காரர்கள் வீட்டுச் சாமான்களை மொத்தமாக வாங்கி விற்கிற கடை நம்முடையது. ஃபிரிட்ஜ், கட்டில், சோபா என்று நெஞ்சுவரை அடுக்கியிருக்கும். கடை நிறைய நாற்காலி, எனக்கு உட்கார ஒன்று கிடையாது. எல்லாம் விற்பனைக்கு. ஒருநாள் இடுப்பு வலி தாங்காமல் ஒரு சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தேன். "மெத்தை அமுங்கிட்டா எவன் வாங்குவான்?" என்று பெரிய மச்சான் என் முகத்தைப் பார்க்காமல் சோபாவைப் பார்த்துச் சொன்னார். அதற்குப் பிறகு என் டிரங்குப் பெட்டிதான் எனக்கு ஆசனம். உட்காரும்போதும் எழுந்திருக்கும்போதும் அதன் மூடி டங் டங் என்று சத்தம் போடும். உன் கல்யாணத்தில் என் மேல் பன்னீர் தெளிக்காமல் என்னைத் தாண்டிப் போன உன் மாமியாரைக்கூடப் பத்து வருஷம் கழித்து மன்னித்தேன். அந்தச் சோபாவை மன்னிக்க அதைவிட அதிக காலம் ஆயிற்று.

அப்போது ஜெபல் அலியில் துறைமுகம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலை பார்த்த ஓர் அமெரிக்க இன்ஜினியருக்கு வேலை முடிந்து ஊர் திரும்பும் நாள் வந்தது. அவன் பெண்டாட்டி பஹ்ரைனில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். அவள் வருவதற்குள் வீட்டை ஒழித்துவிட வேண்டும் என்று அவன் நம் கடைக்கு ஆள் அனுப்பினான். உன் வாப்பாவும் குஞ்ஞாமுவும் போய் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பிக்கப்பின் உச்சியில், செத்த ஆடு மாதிரிக் காலை மேலே தூக்கிக்கொண்டு கிடந்தது அந்த நாற்காலி. குஞ்ஞாமு அதை இறக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "இத்தா, இது கண்டோ! சாயிப்பு வீட்டு முத்தச்சிக் கசேர!" என்று கத்தினான். கிழவி நாற்காலி என்று கேலி.

அதை நான் எப்படி உனக்குச் சொல்ல? கறுத்துப்போன மரம். நான்கு கால்களும் உருளை. பின்னங்கால் இரண்டும் அப்படியே மேலே நீண்டு, உச்சியில் பள்ளிவாசல் மினாரா மாதிரி ஒரு குமிழ். முதுகுக்கு வளைந்த பட்டைப் பலகைகள் குறுக்கே. கை வைக்கிற கட்டைகள் இரண்டும் தட்டையாக, அதன் முனையில் உள்ளங்கைக்கு ஓர் உருண்டை, எத்தனையோ பேர் தடவித் தடவிக் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. கால்களுக்கு நடுவில் குறுக்குக் கம்புகள், முன்கம்பு மட்டும் கால் வைத்துக் கால் வைத்துக் குழிந்திருந்தது. அதிசயம் என்னவென்றால், உட்காருகிற இடம் கோரை. நம் ஊர்ப் பாயில் இருக்கிற கோரை மாதிரியே ஒரு புல்லை முறுக்கி, நான்கு மூலையிலிருந்தும் நடுவுக்கு வருகிற மாதிரிப் பின்னியிருந்தார்கள். ஓலைப்பெட்டி முடைந்து வளர்ந்த கை எனக்கு. தொட்டவுடனேயே இதை ஒரு பெண்பிள்ளை முடைந்திருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. உட்கார்ந்தேன். சத்தமே வரவில்லை. எங்கேயும் ஆணி இல்லை, பசை இல்லை, ஆனாலும் பிறந்த குழந்தையைப் பிடிக்கிற மாதிரி அது என்னைப் பிடித்துக்கொண்டது. கையை அந்த உருண்டைகள் மேல் வைத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

உன் வாப்பா அதைப் பார்த்தார். அவர் கெட்ட மனுஷர் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன். "இது எவனும் வாங்க மாட்டான். வச்சுக்கோ, இது உனக்குத்தான்" என்றார். பெரிய மச்சான் காது கேட்கத்தான் சொன்னார். பெரிய மச்சான் கணக்கு எழுதுகிறவர் மாதிரிக் குனிந்திருந்துவிட்டு, "ஏன்டா குஞ்ஞாமு, அந்த வீட்ல நாய் உண்டா?" என்று கேட்டார்.

"உண்டு காக்கா, வலிய நாய்! தா, கசேரயோட கையைக் கடிச்சு வச்சிருக்கு பாருங்க" என்றான் அந்த வெகுளி. இடது கைக்கட்டையின் முனையில் பல் தடம் இருந்தது.

நாய் வாய் பட்டால் ஏழு முறை கழுவவேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்து கழுவவேண்டும். உனக்குத் தெரிந்ததுதான். நானும் ஒப்புக்கொண்டேன். ஆனால் வாய் பட்ட இடத்தைக் கழுவினால் போதும். எனக்கு ஓதிக்கொடுத்த லெப்பை வீட்டம்மா இதைத் தெளிவாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். திரைக்குப் பின்னாலிருந்து, "அந்தக் கையை மட்டும் நான் கழுவிடறேன் மச்சான்" என்றேன்.

"பொம்பளைக்கு என்ன சட்டம் தெரியும்? நக்குற நாய் ஒரு இடத்தோட நிக்குமா? நான் தொழற இடம் இது. முழுசா முக்கணும்."

"காக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் உன் வாப்பா.

கடைத் தொட்டியில் இருந்தது லாரித் தண்ணீர், அதை வீணாக்க முடியாது. எனவே நாற்காலியை உப்பங்கழிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு நானும் சந்து முனைவரை போய் நின்றேன். உன் வாப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில், குஞ்ஞாமு மறுபக்கம். முக்கி எடுக்கிறார்கள், பெரிய மச்சான் கரையில் நின்று எண்ணுகிறார். படகுக்காரர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "க்யா பாய், குர்சி கோ ஹஜ் பேஜ் ரஹே ஹோ?" என்று ஒருவன் கத்தினான். நாற்காலியை ஹஜ்ஜுக்கு அனுப்புகிறீர்களா என்று கேட்கிறான். தெருவே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஏழும் முடிந்தது, மண் போட்டுத் தேய்த்ததும் முடிந்தது. அப்போதும் பெரிய மச்சானுக்குத் திருப்தி இல்லை. கம்பு நுழைகிற துளைக்குள் தண்ணீர் போயிருக்காது என்று, நாற்காலியைக் கயிற்றில் கட்டி மத்தியான லுஹரிலிருந்து சாயங்கால அசர்வரை தண்ணீருக்குள்ளேயே போட்டுவைத்தார். பிறகு மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டார்கள். அந்த ஊர் வெயில் உனக்குத் தெரியும்.

காய்ந்து இறங்கிவந்த நாற்காலி வேறு நாற்காலி. ஊமையாக இருந்தது வாய் திறந்துவிட்டது. உட்கார்ந்தால் கிறீச் என்றது, சாய்ந்தால் ஆடியது, கம்புகள் துளைக்குள் கிழவன் பல் மாதிரி அசைந்தன. பெரிய மச்சான் கான் பாயைக் கூட்டிவந்தார். அவன் நான்கு பக்கமும் நீள நீளமாக ஆணி அடித்தான். ஒரு கால் நெடுக விரிசல் விட்டது. "அச்சா பாய், கல்லாஸ்!" என்று வேலை முடிந்த பாவனையில் கையைத் தட்டிவிட்டு, சுத்தியலைக்கூட மறந்து போய்விட்டான். நான் அதற்குப் பிறகும் அதில்தான் உட்கார்ந்தேன். ஆடினாலும் என்னுடையது. அந்த ஊரில் என்னுடையது என்று சொல்ல அது ஒன்றுதான் எனக்கு.

அந்தச் சமயத்தில்தான் எலன் வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிப் பார்த்தால் வீடு காலி. புருஷனிடம் கேட்டுக் கடை கடையாகத் தேடிக்கொண்டு வந்திருக்கிறாள். ஒடிசலான உடம்பு, கையில் ஒரு கழி, தலைமுடி பாதி நரைத்தது, என்னைவிட ஒரு பத்து வயது மூத்தவளாக இருக்கும். உன் வாப்பாவிடம் ஏதோ சொன்னாள். உன் வாப்பா தன் கடை இங்கிலீஷில் கேட்டுவிட்டுப் பெரிய மச்சானிடம் சொன்னார், "காக்கா, அந்த நாற்காலி இவங்க குடும்பத்துதாம். இவங்க பாட்டனுக்குப் பாட்டன் செஞ்சதாம். அப்போ அமெரிக்கான்னு ஒரு நாடே கிடையாதாம்."

"அமெரிக்காவே இல்லைன்னா அமெரிக்காக்காரன் எங்கேருந்துடா வந்தான்? வித்தது வித்ததுதான். மாஃபின்னு சொல்லு."

மாஃபி, கிடையாது என்கிற அந்தச் சொல் அவளுக்குப் புரிந்திருக்கும், அந்த ஊரில் நாய்க்குக்கூடப் புரியும். அவள் சண்டை போடவில்லை. திரையின் இடுக்கில் நாற்காலியின் குமிழ் தெரிந்திருக்கிறது. நேரே வந்து திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டாள். பெண்பிள்ளை இருக்கிற அறைக்குள் பெண்பிள்ளை போனால் ஆண்கள் என்ன செய்ய முடியும்? அப்படியே நின்றுவிட்டார்கள்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். அவள் என்னைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள். தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து அதை மெல்லக் கவிழ்த்தாள். ஒவ்வோர் ஆணியையும் விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். பிள்ளையின் உடம்பில் அம்மை முத்துப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. எனக்கு நின்ற இடத்தில் உடம்பு கூசியது. "நான் இல்லம்மா, நான் வேண்டாம்னுதான் சொன்னேன்" என்று தமிழிலேயே சொன்னேன். வேறு எதில் சொல்வேன்?

அவள் என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். தண்ணீர்க் குவளையைக் காட்டினாள், காலைக் காட்டினாள். கம்பைக் காட்டி வாயால் ஊதி உலர்த்துகிற மாதிரிச் செய்தாள். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து உன் வாப்பா அவள் சொல்லச் சொல்ல எனக்குச் சொன்னார். கால் ஈரம் காயாத மரமாம். குறுக்குக் கம்பு நெருப்புப் பக்கத்தில் வைத்து நன்றாகக் காய வைத்த மரமாம். பச்சைக் காலில் துளை போட்டுக் காய்ந்த கம்பை அடித்து ஏற்றிவிட்டால், கால் காயக் காயச் சுருங்கிக் கம்பைப் பிடித்துக்கொள்ளுமாம். பிறகு ஆயுசுக்கும் விடாதாம். எலன் என் சுட்டுவிரலைத் தன் கைக்குள் வைத்து மெல்ல மெல்ல இறுக்கிக் காட்டினாள். அப்புறம் தண்ணீர்க் குவளையைக் காட்டினாள், விரலை நசுக்கினாள், சட்டென்று கையைத் தளர்த்தினாள். என் விரல் அவள் கைக்குள் ஆடியது. புரிந்துவிட்டது எனக்கு. ஊறிய கம்பு பருத்துத் துளைக்குள் இடமில்லாமல் நசுங்கியிருக்கிறது, காய்ந்ததும் மெலிந்துபோயிற்று. கோரை மட்டும் நன்றாக இருந்தது. தண்ணீரில் பிறந்ததைத் தண்ணீர் என்ன செய்யும்?

கான் பாயிடமிருந்து அந்தச் சுத்தியலையும் ஒரு குறடையும் வாங்கினேன். ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். நாற்காலியை அக்கு அக்காகப் பிரித்தோம். கம்பு முனைகளில் என் தையல் நூலை நெருக்கி நெருக்கிச் சுற்றி, துளையில் திரும்ப ஏற்றி, சுத்தியலில் துணியைச் சுற்றித் தட்டினோம். அவள் பிடித்தால் நான் தட்டுவேன், நான் பிடித்தால் அவள். விரிசல் விட்ட காலுக்கு ஓலைப்பெட்டிக்கு வாய் கட்டுகிற கட்டு ஒன்று போட்டேன். அதைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டினாள். சுலைமானித் தேநீர் போட்டுக் கொடுத்தேன். அவள் இங்கிலீஷில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள், நான் உன்னைப் பற்றித் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தேன். கேசட்டில் நீ மூச்சு விடுவதைக்கூட அவளிடம் சொன்னேன். அந்த ஊரில் நான் வாய் நிறையப் பேசிய ஒரே பகல் அது.

தன் கைப்பையிலிருந்து ஒரு படம் எடுத்தாள். கல்யாண உடுப்பில் ஒரு பெண். தன் வயிற்றைத் தொட்டு இல்லை என்று தலையாட்டினாள். திரைக்கு அப்பாலிருந்து உன் வாப்பா சொன்னார், தங்கை மகளாம், அந்த நாற்காலி உம்மாவிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து அவள் மகளுக்கு என்று பெண்பிள்ளைகள் வழியாகவே வந்ததாம், இவளுக்குப் பிள்ளை இல்லாததால் இந்தப் பெண்ணுக்குப் போகவேண்டுமாம். உன் வாப்பா இதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு முடிவாகிவிட்டது. நம் ஊர் வழக்கம்தானே. கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்திக்கு அதே வழக்கம். வேறு எவருக்கும் புரியாவிட்டாலும் எனக்கு எப்படிப் புரியாமல் போகும்?

திரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "இந்தாங்க, இந்த நாற்காலியை எனக்குக் குடுத்தீங்களா இல்லையா?"

"குடுத்தேன்."

"பெரிய மச்சான் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தாங்க?"

கல்லாப்பெட்டியைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

"அப்ப இது என் சொத்து. நான் இந்த அம்மாவுக்குக் குடுக்கறேன்."

"வியாபாரத்துக்கு நடுவுல பொம்பளை..." என்று பெரிய மச்சான் ஆரம்பித்தார்.

"சந்தேகமா இருந்தா என்னையும் கொண்டுபோய்க் கடல்ல முக்கிப் பாருங்க மச்சான்" என்றேன். குஞ்ஞாமு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். உன் வாப்பா சத்தமாகச் சிரித்துவிட்டார். "உங்கிட்ட பேசி ஜெயிக்க முடியுமா?" என்று அவரே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் டாக்ஸியின் மேல் வைத்துக் கட்டினார். எலன் என்னைக் கட்டிப்பிடித்தாள். ஆஸ்பத்திரி சோப்பு வாசனை. எழுதுவேன் என்று காற்றில் கையை அசைத்துக் காட்டினாள். அன்றைக்கு உன் வாப்பாவின் மேல் எனக்கு இருந்த பிரியத்தைப் போல அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை. டிரங்குப் பெட்டியில் போய் உட்கார்ந்தேன். டங் என்றது. பரவாயில்லை என்றிருந்தது.

அவள் எழுதவே இல்லை. வருஷக்கணக்காக எதிர்பார்த்தேன். நன்றி கெட்டவள் என்று வைதேன். தொழுகைக்குப் பிறகு துஆ கேட்கும்போதுகூட அவள் முகம் வந்தால் எனக்குக் கோபம் வரும். பிறகு உன் பெரியவாப்பா நோயில் விழுந்தார், கடை போயிற்று, ஊருக்கு வந்துவிட்டோம். நீ வளர்ந்து நீயும் அதே ஊருக்குப் போனாய்.

உன் வாப்பா மௌத்தான பிறகு நான் இத்தாவில் இருந்தேன். நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண் முகம் பார்க்கக் கூடாது, உள்ளறையில் திரை போட்டு உட்காரவைத்திருந்தார்கள். குஞ்ஞாமு கேரளாவிலிருந்து துக்கம் விசாரிக்க வந்தான். முன்கட்டில் நீ அவனுக்குத் தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தாய். நினைவிருக்கிறதா? உன் வாப்பாவின் சாமர்த்தியத்தைப் புகழ்ந்து அவன் ஒரு கதை சொன்னான். "ஆ அமெரிக்கக்காரன் ஊருக்குப் போற அன்னைக்குக் காலையில கடைக்கு வந்து. கையில அதே கசேர! பெட்டியில இடம் இல்ல, பெண்டாட்டி முந்தியே விமானம் ஏறிப் போயாச்சு, எடுத்துக்கோன்னு பறஞ்சு. உங்க வாப்பா அப்பவே வாங்கி, லுஹருக்கு முந்தி ஒரு ஹோட்டல்காரனுக்கு வித்தாச்சு. எங்கிட்ட சொன்னாரு, 'குஞ்ஞாமு, உள்ளே தெரிய வேண்டாம். தெரிஞ்சா இவ கப்பல்ல ஏத்தி அமெரிக்காவுக்கே அனுப்பச் சொல்லுவா.' ஒரே சாமானை ரெண்டு தடவை வாங்கிக் காசாக்கியாச்சு! வேற யாரால முடியும்?"

நீ சிரித்தாய். "வாப்பா பெரிய ஆளுதான்" என்றாய்.

அந்த நாள் எது என்று நான் என் நினைவில் தேடிப் பார்த்துவிட்டேன். எலன் போய் ஒரு வாரம் கூட ஆகியிருக்காது. உன் வாப்பா மத்தியானம் உள்ளே வந்து, மீன் ஆணம் இன்னும் கொஞ்சம் ஊற்று என்று கேட்டுச் சாப்பிட்டார். நான் அவருக்கு எதிரே பெட்டியில் உட்கார்ந்து முள் எடுத்துக் கொடுத்தேன். என்றைக்கும் இல்லாமல் அன்றைக்குக் கலகலப்பாகப் பேசினார். சற்று முன்புதான் அந்த நாற்காலி திரைக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டுப் போயிருக்கிறது. நான் சுற்றிய நூலோடு, நான் போட்ட கட்டோடு. ஒரு திரைதான் நடுவில். எலனுக்கு அவள் புருஷன் என்ன சொன்னானோ! கப்பலில் தொலைந்தது என்றானோ, அந்தத் தமிழச்சி ஆள் விட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டாள் என்றானோ. அவள் எழுதாததற்கு அதுதான் காரணமோ என்னவோ. எனக்குத் தெரியவே போவதில்லை. அவள் விலாசம் என்னிடம் கிடையாது.

நீ இப்போது அந்தச் சாமான்காரனிடம் போ. ஏற்றியிருந்தால் இறக்கச் சொல். ஜுலைகாவுக்குப் போன் போட்டு ஒவ்வொன்றாகக் கேள், மிஷின், அவள் உம்மா கொடுத்த அந்த இடுப்பளவு அண்டா, எல்லாம். விற்றுவிடுங்கள் என்று அவள் வாயால் சொன்னால் விற்றுக்கொள். அழுவாள் என்றால் அழட்டும், அழுதுகொண்டே சொல்லட்டும். அவளுக்குத் தெரியாமல் விற்றுவிட்டு, அவள் சிரித்துக்கொண்டு உனக்குச் சோறு போடுகிற மாதிரி மட்டும் வைத்துவிடாதே.

உன் பெரியவாப்பாவை நான் மன்னித்துவிட்டேன். அல்லாஹ்வுக்குப் பயந்து செய்தார், தப்பாகச் செய்தார். படுக்கையில் கிடந்து என்னைக் கூப்பிட்டு மன்னிப்பும் கேட்டார். கான் பாய்க்குத் தெரிந்தது ஆணி. அந்த அமெரிக்கக்காரன் எனக்கு யார்? அவன் கணக்கு அவன் பெண்டாட்டியோடு. நீ சிரித்தது தெரியாமல் சிரித்தது.

மையித்தை எடுப்பதற்கு முன்னால் நம் வழக்கப்படி என்னிடம் வந்து கேட்டார்கள், "அவர் மேல உள்ள ஹக்கு, பாத்தியதையெல்லாம் ஹலாலாக்கிட்டியாம்மா?" என்று. மஹர்ப் பணத்திலிருந்து மனத்தாங்கல்வரை எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தேன் என்று மூன்று பேர் கேட்கச் சொன்னேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன். குஞ்ஞாமு அதற்குப் பிறகுதான் வந்தான். சொல்லாததை எப்படி விட்டுக்கொடுத்திருக்க முடியும்? இது அந்த ஹலாலில் சேராது. லெப்பையிடம் கேட்கவும் மாட்டேன், கேட்டால் சேரும் என்று சொல்லிவிடுவார்.

கட்டிய நாளிலிருந்து அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. பாஸ்போர்ட் ஆபீசில் கேட்டபோதுகூடப் பக்கத்தில் நின்றவர்தான் சொன்னார். எழுதியதும் இல்லை. இப்போது எழுதுகிறேன், நீ தெளிவாகப் படி. நான் மன்னிக்காத ஆள், சுல்தான் மகன் அப்துல் காதர்.